பாட்டிலுக்குப் பத்து சென்ட்

மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை என் முறை.
பனி விட்டும் விடாத மார்ச்.
பௌலிங் போன தடவை. அதற்கு முந்தின தடவையும்.
ஆகவே, ஹால்வர்சன் சோடா கம்பெனி.
செங்கல் கட்டடம், தலைக்கு மூன்று டாலர்,
கண்ணாடி தெறித்தால் நாங்கள் பொறுப்பல்ல என்று ஒரு காகிதம்.
தகப்பன் என்ற இடத்தில் லோரன் ஸீல்கே என்று எழுதினேன்.
பிள்ளைகளின் முகவரிக்கு
ஒரே ஒரு கோடுதான் விட்டிருந்தார்கள்.

முன்னால் வெர்னா குபிசெக், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ்.
இயந்திரங்களோடு மல்லுக்கட்டிக் கத்தியே
கட்டையாகிப்போன குரல்.
தரையெல்லாம் சர்க்கரைப் பிசுக்கு.
அடி எடுத்துவைக்கும்போதெல்லாம்
கொஞ்சம் இரு என்கிறது தரை.

மூடி போடும் இயந்திரத்தின் முன்
வாய் பிளந்து நின்றான் ட்ரூமன்.
டக். டக். டக்.
அப்புறம் ஒரு பாட்டில் வெடித்தது.
வேலையாட்கள் யாரும் தலை நிமிரவில்லை.
நான் மட்டும் இரண்டு பிள்ளைகளையும் கக்கத்தில் இடுக்கியிருந்தேன்,
எப்போது இடுக்கினேன் என்று தெரியாமல்.
"திராட்சை," என்றாள் வெர்னா, மோந்து பார்த்து.
"அப்பா, விடு," என்றாள் பிரிட்டா.

கழுவி வந்த காலிகள்
ஒரு வெள்ளை விளக்கைக் கடந்து போகின்றன.
எதிரே முக்காலியில் ஒரு ஆள்.
இருபது நிமிடம்தான் உட்காரலாமாம்,
அதற்கு மேல் கண் பொய் சொல்லுமாம்.
என்னென்ன கிடைத்திருக்கிறது என்று கேட்டான் ட்ரூமன்.
சிகரெட் துண்டு. பொம்மைக் கால்.
ஒருமுறை ஒரு பல்.
"யாருடையது?"
அந்த ஆள் பதில் சொல்லவில்லை,
பாட்டில்கள் போய்க்கொண்டிருந்தன.

ஒவ்வொன்றின் இடுப்பிலும் வெளிறிய வளையம்.
பெட்டிக்குள் ஒன்றோடொன்று உரசி வந்த தேய்மானம்.
"நாற்பது ஐம்பது தடவை போய்த் திரும்பும்," என்றாள் வெர்னா.
"போய்ப் போய் உடைந்துவிடாதா?" பிரிட்டா.
"போவதால் உடையாது. கீழே போட்டால்தான்."
எல்லாக் கும்பலுக்கும் சொல்கிற வாசகம் போல,
சொல்லி முடிக்குமுன் அடுத்த அறைக்குத் திரும்பிவிட்டாள்.
நான் அங்கேயே
இல்லாத ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மரப்பெட்டி, இருபத்துநான்கு குழி,
நாமே நிரப்பலாம்.
ட்ரூமனுக்கு எல்லாமே நீலம் வேண்டும்.
நீலம் ஒரு பழமா என்று சண்டை.
பிரிட்டா பன்னிரண்டு, பன்னிரண்டு என்று பிரித்தாள்.
எதையும் சரிபாதியாகப் பிரிக்க
இந்த ஒரு வருடத்தில் கற்றுக்கொண்டிருக்கிறாள்.
காலி பாட்டிலுக்குப் பத்து சென்ட் திரும்பக் கிடைக்கும்,
மொத்தம் இரண்டு டாலர் நாற்பது.
"யார் திருப்பித் தருவது? நீயா, அம்மாவா?"

பதிலுக்கு முன்பே ஒரு பாட்டிலைக் கவிழ்த்து
அடியில் எதையோ கீறினாள்,
கழுத்துக் கயிற்றில் தொங்கும் இரண்டு சாவிகளில் ஒன்றால்.
எந்த வீட்டுச் சாவி என்று
நான் பார்க்கவில்லை.
"இதே பாட்டில் நமக்குத் திரும்பி வருமா?"
வாய்ப்பே இல்லை என்றாள் வெர்னா.
மாவட்டம் முழுக்கப் போகிறதாம்.

ஞாயிறு மாலை ஜோலீன் வாசலில்
ட்ரூமன் நீல நாக்கை நீட்டிக் காட்டி
ஒரு ஏப்பம் விட்டான்.
அவள் சிரித்தாள். எனக்கும் கொஞ்சம் கிடைத்தது அதில்.
பெட்டி டிக்கியிலேயே இருக்கட்டும் என்றாள் பிரிட்டா.

இப்போது ஏப்ரல்.
ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னால் கலகலக்கிறது,
பத்தொன்பது நிறைந்தது, ஐந்து காலி.
திங்கட்கிழமை சோடா கம்பெனி வழியாகத்தான் போனேன்.
வண்டியை நிறுத்தவில்லை.