இருபத்து நான்கைத் தாண்டினால்

நானூற்றுப் பன்னிரண்டு ஆண்களின் நேரம்
என் விரல் நுனியில்.
வந்த மணி, போன மணி,
ஓவர்டைம் என்றால் ஒன்றேகால் பங்கு.
கோடையில் நடுப்பகல் வெயிலுக்குக்கூட
ஒரு கட்டம் உண்டு: பன்னிரண்டரை முதல் மூன்று.
டைம்கீப்பர் என்கிறது அடையாள அட்டை.
காலத்தைக் காப்பவளாம்.

ஒன்றுவிட்ட வெள்ளியில் ஹபீபுன்னிசா வருவாள்,
ஷார்ஜா ரோலாவில் என் கட்டிலுக்கு.
கட்டில்தான் எனது, அறை ஆறு பேருடையது.
கால் நீட்டினால்
குதிகால் வெடிப்பில் டெட்டால் வாசனை.

"நாள் பூரா என்னதான் வேலை உனக்கு?"
"பாதி நேரம் சும்மாதானே நிக்கேன்."

எங்கே?

"பள்ளிக்கூட பஸ் வர்ற வரைக்கும் கேட்டுல.
சின்னவன் தூங்குற வரைக்கும்
தொட்டில் கம்பியப் புடிச்சுக்கிட்டு.
மஜ்லிஸ்ல ஆளுக இருந்தா
அடுத்த காவா எப்பக் கேப்பாகளோன்னு
கதவோரமா."

லேப்டாப்பைத் திறந்தேன்.
அந்தத் தாளில் முதன்முதலாக ஒரு பெண்ணின் பெயர்.
"இதையெல்லாமா எழுதுவிய?"
எழுதினேன்.
கேட்டில் நின்றது, கம்பியைப் பிடித்தது,
கதவோரம்.
ஏழு நாளையும் கூட்டச் சொன்னேன்.

1:00

சூத்திரத்தில் பிழையில்லை.
இருபத்து நான்கைத் தாண்டினால்
அது பூஜ்ஜியத்துக்குத் திரும்பிவிடும்.
ஐந்து முழு நாட்களை விழுங்கிவிட்டு
மிச்சத்தைத் துப்பும்.
கழுவிக் கவிழ்த்த கோப்பைகள்
காலையில் தொட்டியில் கிடப்பதுபோல,
நேற்று என ஒன்று இருந்ததற்கு
சாட்சி வைக்காமல்.

சதுர அடைப்பு போட்டால் முழுக்கணக்கும் வரும்.
போட்டேன்.

######

கட்டத்தில் இடம் போதவில்லை.
முப்பத்தொரு நாளும் ஒரே பக்கத்தில் அடங்கவேண்டும் என்று
பத்திகளை இறுக்கியவள் நான்தான்,
மூன்று வருடமாக மேனேஜரிடம் பாராட்டும் வாங்கிக்கொண்டு.

கோட்டைப் பிடித்து இழுத்தேன்.
கொத்தனார்கள், வெல்டர்கள், கிரேன் ஓட்டுகிறவர்கள்
எல்லோருடைய நாட்களும்
வலப்பக்கம் நகர்ந்து வழிவிட்டன.

121:00

"பாரேன்" என்று திரும்பினால்
வாய் லேசாகத் திறந்தபடி தூங்கியிருந்தாள்,
செருப்பைக் கழற்றாமல்.
ஆறு மணிக்கு வீட்டு டிரைவர் வந்து ஹாரன் அடிப்பான்.

எழுப்பவில்லை.
ஏசிக் காற்று நேராக முகத்தில் அடிக்காமல்
என் துப்பட்டாவை விரித்துப் பிடித்தபடி
சும்மா உட்கார்ந்திருந்தேன்,
நாலு பத்திலிருந்து
ஆறு வரை.