விசிறி இல்லாதது

"என்ன கேம் ஆடுவீங்கண்ணா?" என்றான் மாதேஷ்.
ஐந்து ரோட்டில் மாடிக் கடை.
கீழே பஸ்கள் ஓமலூருக்கு
ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.
கேம் இல்லை தம்பி, கடல் பார்ப்பேன் என்றேன்.
காதிலிருந்த பேனாவை எடுத்து
மறுபடி காதிலேயே வைத்தான்.

இப்போதிருக்கும் பெட்டியில்
திமிங்கிலம் பாதி எழும்பி நின்றுவிடுகிறது.
குரல் மட்டும் தனியே
தண்ணீருக்குள் போய்விடும்.
ஆழத்தின் கருநீலம்
ஏற்காட்டுப் பாதையை மேலிருந்து பார்ப்பதுபோல்
அடுக்கடுக்காய், பட்டை பட்டையாய் உடைகிறது.
எனக்கு இருட்டு உடையாமல் வேண்டும்.

"பத்து பிட்" என்று சுருக்கிவிட்டு
ஒரு கார்டை எடுத்து வைத்தான்.
செங்கல் கனம், மூன்று விசிறி,
ஓரமெல்லாம் கல்யாண மண்டப விளக்கு.
நான் என் பெட்டியின் அகலத்தை
இரண்டு விரலால் காட்டினேன்.
மூடிப்போன பிரவுசிங் சென்டரில்
ஆயிரத்து எண்ணூறுக்கு எடுத்தது.
இருநூற்று நாற்பது வாட்.
அதற்குமேல் கேட்டால் அணைந்துவிடும்,
எங்கள் மேனேஜர் மாதிரி.

அரை உயரத்தில் இரண்டுதான் மிஞ்சின.
ஒன்றில் சட்டைப் பொத்தானைவிடக்
கொஞ்சம் பெரிய விசிறி.
மற்றதில் வெறும் அலுமினியத் தகடுகள்,
சீப்புகளை அடுக்கியதுபோல்.
அறுநூறு ரூபாய் அதிகம், வேகமும் கம்மி.
"விசிறி இருக்கறதே நல்லதுண்ணா,
நம்மூரு வெயிலுக்கு."

தவச்செல்விக்குப் பெரியாஸ்பத்திரியில் நைட் டியூட்டி.
எட்டரைக்கு வந்து படுத்தால்
அவளுக்கு அதுதான் ராத்திரி.
எனக்கு ஜவ்வரிசி மில்லில் எடைச்சீட்டு,
மதியம் இரண்டுக்கு மேல்.
நடுவில் இருப்பது ஒரே அறை.

"வீடு எங்க?"
"அம்மாபேட்டை. விசைத்தறிக் கொட்டகைக்குப் பின்சுவர்."
சிரித்தேவிட்டான்.
பன்னிரண்டு தறி ஓடுற இடத்துல
இந்தப் பொத்தானா கேக்கப்போவுது?

கேட்கும்.
தறி அவளுக்குச் சத்தமே இல்லை.
கரண்ட் போய்த் தறி நின்றால்தான்
யாரோ பெயர் சொன்னதுபோல் எழுந்து உட்காருவாள்.
விசிறியின் கீச்சு வேறு.
வார்டில் ஏதோ ஒரு மானிட்டர்
அப்படித்தான் இழுக்குமாம்.
அதை நிறுத்த எழுந்து போவாள்,
கண் திறக்காமல்,
இங்கே இல்லாத ஒரு கட்டிலுக்கு.
போன மாதம் பீரோவில் முட்டிக்கொண்டாள்.

இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
சீப்பைக் காட்டி, இதையே பில் போடு என்றேன்.

அரை உயரத் தகட்டுக்கு இரண்டு திருகு.
ஒன்று உருண்டு மிக்ஸிக்கு அடியில் போயிற்று.
மற்றதோடுதான் நிற்கிறது இன்றுவரை.

திமிங்கிலம் முழுதாக எழும்பி
முழுதாக விழுந்தது.
நீலத்தில் ஒரு கோடு இல்லை.
ஹெட்போனைக் கழற்றிக் கேட்டேன்,
பெட்டியிடமிருந்து மூச்சே இல்லை.
அவள் புரளவில்லை.

பதினோரு மணிக்குத் தொட்டேன். ஏப்ரல்.
தோசை ஊற்றலாம்.
எண்பத்தேழு என்றது திரையின் மூலை.
மாதேஷ் சொன்னது சரிதான்,
அவனிடம் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

பக்க மூடியைக் கழற்றினேன்.
அவள் கால்மாட்டில் மேசை விசிறி
இடவலம் தலையாட்டிக்கொண்டிருந்தது.
அதன் கழுத்தை ஒரு சாண் திருப்பி வைத்தேன்.
இப்போது அது
அவள் நெற்றி முடியைக் கலைத்து,
தகடுகளின் சந்தில் நுழைந்து,
மிச்சம் இருந்தால்
என் கழுத்து வியர்வையில் கொஞ்சம் வைத்துவிட்டுத்
திரும்பிப் போகிறது.

எழுபத்தொன்று.
அறுபத்தெட்டு.
பின்சுவரில் தறி.
எந்த வெளிச்சமும் எட்டாத ஆழத்தில்
ஒரு மீன்
தன் விளக்கைத் தானே தூக்கிக்கொண்டு போகிறது.