செவ்வாய்க்கிழமை அனுமதி இலவசம்

சுவரை ரம்பத்தால் அறுத்து
லாரியில் ஏற்றிப் போனார்கள்.
எங்கள் தெருவில் அந்த இடத்தில் இப்போது
தகரம்.

மான்டெர்ரே நகரத்து அருங்காட்சியகத்தில்
ஏசிக் குளிரில் நிற்கிறாள்
என் யாதிரா.
ஒன்பது அடி உயரம். முதுகில் இறக்கை.
உயிரோடு இருந்தவரை
என் தோளைத் தாண்டி வளராதவள்.

பக்கத்துப் பலகையில்
நன்கொடை தந்த வங்கியின் பெயர், பெரிதாக.
வரைந்த நான்கு பெண்களின் பெயர் இல்லை.
(போலீஸ் வருகிறதா என்று பார்த்தபடி
ஏணியைப் பிடித்திருந்தவள் நான்.)
அவள் பெயரும் இல்லை.
‘ஆலைப் பெண், சுவரோவியம்.’

கண்ணாடி போட்ட ஒருவர்
இறக்கையைக் காட்டி
விடுதலை என்கிறார் மாணவர்களிடம்.

ஐயா,
இறக்கையா கேட்டேன் நான்?
இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவளுக்கு
ஒரு பஸ் கேட்டேன்.
முக்கில் ஒரு விளக்கு.
மனுவின் நகல் இன்னும் பையில் கிடக்கிறது
மூன்று முத்திரைகளோடு.

கன்னத்தில் காரை பெயர்ந்திருக்கிறது,
அறுத்தபோதோ ஏற்றியபோதோ.
விரலை நீட்டினேன்.
தொடக்கூடாது என்று ஓடிவந்த காவல்காரிக்கு
இருபது இருக்கும், அல்லது இருபத்தொன்று.
சீருடை தோளில் நிற்கவில்லை.

அவளிடம் கேட்டேன்:
வேலை முடிந்து
எதில் போவாய்?