காரணம் என்ற கட்டம்

கருங்கல் சந்தையில் நட்சத்திர விளக்குகள் தொங்கத் தொடங்கிவிட்டன.
அரையாண்டுத் தாள் நாற்பத்தியொன்று,
சிவப்புப் பேனா,
கரண்ட் போய்ப் போய் வரும் இரவு.

பதினேழாம் கேள்வி:
தோற்ற போருக்குப் பின் ஜெர்மனி
ஏன் வெறிகொண்டது, ஏன் எல்லை தாண்டியது?
எட்டு மதிப்பெண்.

விடைக்குறிப்பு என்னிடம் இருக்கிறது.
வெர்சாய் உடன்படிக்கை. இழப்பீடு.
ஒரு ரொட்டிக்குத் தள்ளுவண்டி நிறைய நோட்டு.
வேலையில்லாத் திண்டாட்டம்.
முதுகில் குத்தப்பட்டோம் என்ற பொய்.
இன்னும் மூன்று.
நாற்பது பேரும் வரிசை மாறாமல் இறக்கி வைத்திருந்தார்கள்.
'குத்தப்பட்டோம்' என்பதில் ஒற்றை விட்டவர்கள் பதினோரு பேர்.

ஆன்றோ லிபின் மட்டும்
ஜெர்மனிக்குப் போகவே இல்லை.

*டீச்சர், நாங்க நாலு கோலுக்குத் தோத்தோம்.
போன கிறிஸ்துமஸ் கோப்பை, பொழிக்கு அக்கரைக்காரங்ககிட்ட.
நாலும் சுத்தமான கோல்.
நான் வலைக்குப் பின்னால நின்னேன்,
மூணாவது என் முகத்துக்கு நேரா வந்தது.
பிறகு அடிதடி. பிறகு பேச்சுவார்த்தை.
எழுபதாயிரம் தண்டம்,
வலை காயப்போடுற மணல்ல பாதி மூணு வருசத்துக்கு அவங்களுக்கு.
ஒப்புக்கிட்டு வந்தது கமிட்டிச் செயலாளர்.
ஆடினவன் ஒருத்தனும் கையெழுத்துப் போடல்ல.*

*ஆடியில கடல் அடைச்சுக் கெடக்கும்போ
ரசீதுப் புத்தகத்தோட வந்தாங்க, வீட்டுக்கு ஆயிரம்.
அம்மா கம்மலைக் கழற்றினா.
அன்னைக்குத்தான் வலைக்கூடத்துல முதல்ல கேட்டேன்:
நாம தோக்கல்ல மக்கா, நம்மள வித்துட்டான்.*

*யாரு?
கோலி ஷிபின்தாஸ்.
ஐஸ் கம்பெனிக்காரர் மவன்,
நாலு வருசம் முன்னால பத்துகாணி மலையில இருந்து வந்தவன்.
மலைக்காரனுக்கு நம்ம கரைமேல என்ன நோவு?*

*நான் பார்த்தேன், அப்படி இல்லன்னு சொன்னேன்.
சிரிச்சாங்க.
ரெண்டாவது தடவை மெதுவாச் சொன்னேன்.
மூணாவது தடவை நானே கதையைச் சொன்னேன்,
அக்கரைக்காரங்க அவனுக்கு ஒரு போன் குடுத்தாங்கன்னு.
அந்தப் போனை உண்டாக்கினது நான்தான் டீச்சர்.
அடுத்த வாரம் அதோட நிறமும் விலையும்
ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது.*

*கம்பெனிச் சுவர்ல தார் பூசினாங்க. அவங்க போயிட்டாங்க.
கோபம் அடங்கும்னு நெனச்சேன்.
கோபத்துக்கு வேலை இல்லாமப் போச்சு, அவ்வளவுதான்.
இப்போ சலூன்ல ஒரு படம் ஒட்டியிருக்கு:
பொழி தாண்டி, தூண்டில் வளைவு வரைக்கும்
எல்லாம் நம்ம பழைய மண்ணாம்.
போன வருசம் அப்படி ஒரு மண்ணு
எங்களுக்கே தெரியாது.*

பக்கம் தீர்ந்துவிட்டது. துணைத்தாள் கேட்கவில்லை.

விடைக்குறிப்பின் ஒரு சொல்கூட இதில் இல்லை.
பூஜ்ஜியம் என்று போட்டுவிட்டுத் தேநீர் வைக்கப் போகலாம்.
போகவில்லை.

செப்டம்பரில் இந்த வகுப்பு நாற்பத்திரண்டு.
அலுவலக வாசலில் ஷிபின்தாஸின் அம்மா நின்றாள்,
ஐஸ் உடைத்து வெடித்த விரல்களில் குடையைப் பிடித்தபடி.
அவன் வெளியே, புத்தகப் பையை முன்புறமாக மாட்டிக்கொண்டு,
பந்தைப் பிடித்தவன்போல.
மாற்றுச் சான்றிதழில் ஒரு கட்டம் உண்டு:
பள்ளியை விட்டு நீங்கும் காரணம்.
நான் நிமிர்ந்து பார்த்தேன்.
"என்னவாவது எழுதுங்க டீச்சர்" என்றாள்.

தார் பூசிய சுவரைத் தாண்டித்தான்
என் மினிபஸ் தினமும் போகிறது.
அழகான கையெழுத்தில் எழுதினேன்.
முத்திரை சற்றே கோணலாக விழுந்தது,
ஹெட்மாஸ்டர் பரவாயில்லை என்றார்.

எட்டு போட்டேன். அடித்தேன்.
தெரிந்திருக்கிறான் என்பதற்கா மதிப்பெண்,
செய்தான் என்பதற்கா?

கரண்ட் மறுபடி போயிற்று.
மெழுகுவர்த்தி தேடாமல்,
இருட்டிலேயே தடவி விடைக்குறிப்பை எடுத்தேன்.
எட்டுக்குக் கீழே ஒன்பது என்று எண் இட்டு,
வரி கோணினாலும் போகட்டுமென்று எழுதினேன்:

பெற்றோர் விருப்பம்.