மணிக்கு எழுபது பிராங்க்

ஓல்ட்டன் நகரம். இளையோர் வழக்கு அலுவலகம், மூன்றாம் மாடி.
ஜன்னலுக்குக் கீழே
பாசல் போகிற ரயிலும் பேர்ன் போகிற ரயிலும்
ஒன்றையொன்று பார்க்காமல் விலகுகின்றன.

நான் பேசக் கூடாது. பெயர்க்கலாம்.
மணிக்கு எழுபது பிராங்க், பயணப்படி தனி.

மேசையில் அச்சிட்ட ஒரு கைபேசிப் பக்கம்:
கீர்த்திகன், ஆர்பென், யான்.
மூவரின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஆங்கிலத்தில் பெயர்,
ஆரே கேங்.
சின்னம், ஒரு வாத்து.

குற்றம்: பூட்டாத ஒரு சரக்குச் சைக்கிள்,
பெட்டிக்குள் பதினெட்டு ரொட்டி.
ரொட்டியை ஆற்று வாத்துகளுக்குப் போட்டிருக்கிறார்கள்,
சைக்கிளை ஆற்றுக்கே.

ஸ்டூடர் அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார்.
"கேங் என்றால் என்னவென்று
தாயாருக்குத் தெரியுமா, கேளுங்கள்."

இங்கேதான் சிக்கிக்கொண்டேன்.
சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு எடை உண்டு.
தனியே எடுத்தால் திருட்டு.
கும்பலாய் எடுத்தால் அதே ரொட்டி
கல்லாகிவிடும்.

அந்தச் சொல்லின் பின்னால் நடந்து போயிருக்கிறேன்,
தூக்கம் வராத இரவுகளில், அகராதிக்குள்.
முதலில் அது நடை. வெறும் நடை.
பிறகு ஒரு வழி.
பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து போகிற கருவிகள்,
பிறகு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள்.
அதற்கப்புறம்தான், இருட்டில் யாரோ அவர்களைப் பார்த்துப் பயந்து,
அதன் கையில் கத்தி முளைத்தது.

எங்கள் மதுரைப் பக்கம் தண்டவாளத்தோடு ஒட்டிக்கொண்டது,
கேங்மேன்.
சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு
பெரும்பாலும் தனியாகத்தான் நடப்பார்.

இந்த ஊர் வாயில் அதே எழுத்துகள் கங் ஆகின்றன.
அலுவலகத் தாழ்வாரம் அது. சைக்கிளின் கியர் அது.
விருந்தில் சூப்புக்கு அடுத்து வரும் தட்டு அது.
ஏழாம் பிளாட்பாரத்தில் ஒரு குடிகாரன்
என்னைப் பார்த்துக் கத்தியதும் அதுதான்:
கங் ஹை! வீட்டுக்குப் போ!
பதினொரு வருடமாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்,
டிரிம்பாக் வரை, பஸ்ஸில்.

தமிழில் எதைக் கொடுப்பது?
குழு என்றால் அறிக்கை கேட்பார்கள்.
கூட்டம் என்றால் மைக் வேண்டும்.
கும்பல் என்றால் பையன் தொலைந்தான்.
சாத்து என்றொரு பழைய சொல் உண்டு,
கள்வர் அம்புக்கு அஞ்சி
மிளகுப் பொதியோடு சேர்ந்து போனவர்களுக்கு.
அதை இங்கே இறக்கினால் எனக்கே
ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும்.
போக்கிரி?
போக்கிலி திரிந்து வந்தது என்பார்கள், போக இடமில்லாதவன்.
அவர்களிடம் சேர்ந்து போனவன் கெட்டவனானான்.
நம்மிடம் போக்கற்றவன்.

கடைசியில் சொல்லை அப்படியே விட்டேன்.
"கேங் என்றால் உங்களுக்கு என்னங்க?"

தவமலர், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்,
மடியில் கம்பளிக் கையுறை,
என் தமிழைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
"என்னத்தைச் சொல்ல. சேர்ந்து போற பெடியள்.
பள்ளிக்கூடத்துக்குச் சேர்ந்து போவினம், சேர்ந்து வருவினம்.
ஆர்பென்ட தாய்க்கு இரவு வேலை எண்டால்
மூண்டு பேருக்கும் எங்கட வீட்டிலதான் சாப்பாடு."

அகராதியின் முதல் வரி அது.
அவர் அந்த அகராதியைத் திறந்ததில்லை.

பெயர்த்தேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.
ஸ்டூடர் அம்மையார் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார்.
தலைகீழாகப் படிக்கப் பார்த்தேன். முடியவில்லை.
முடிவு தபாலில் வருமாம்.

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் மூன்று பேர்,
ஒரே இயர்போன், இரண்டு காதுக்கு.
காவலாளி சாவியை ஆட்டிக்கொண்டு வந்தார்,
விளக்கணைக்கும் நேரம்.
மற்ற இருவரும் எழுந்துவிட்டார்கள்.
கீர்த்திகன் குனிந்து ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்தான்.
"கங் ஹை," என்றார் அவனிடம், மெதுவாக,
மழை வரும்போது சொல்வதைப் போல.

இருவரும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.
இரண்டாவது ஷூவையும்
அவன் அவிழ்த்துக் கட்டினான்.

படிவத்தில் எழுதினேன்: ஒரு மணி இருபது நிமிடம்.
நாடா கட்டிய நேரத்தையும் சேர்த்து.