அரை அங்குலம்

காரைக்குடி, தேவகோட்டை சாலை, மரக்கடை.
மதியம் மூன்று மணிக்குக் கூரைத் தகரம் சடசடக்கிறது.
கனி ராவுத்தர் ஆறு துண்டுகளைச்
சிமெண்டுத் தரையில் வரிசையாகப் போடுகிறார்,
சீட்டுப் போடுகிறவர் மாதிரி.
செருப்பக் கழட்டிட்டு ஏறி நில்லுங்க ஆச்சி, என்கிறார்.
முப்பத்தெட்டு வயதில் நான் ஆச்சி.
இந்த ஊரில் அதற்கு வயது தேவையில்லை,
கல்யாணம் போதும்.

கானா தேக்கு: வெளுப்பு, அவசரமாய் வளர்ந்தது.
வேங்கை: ஈரத்துணி பட்டால் மஞ்சளாய்ச் சாயம் விடும்.
ஓக்: அட்டைப்பெட்டியில் வந்திறங்கிய வெள்ளைக்காரன்,
நம் வெயிலைப் பற்றி அவனிடம் யாரும் சொல்லவில்லை.
நான்காவதில் நின்றேன்.
நிலம்பூர்த் தேக்கு, ஒன்பதரை அங்குல அகலம்.
பாதத்தைக் குறுக்கே வைத்தாலும்
உள்ளேயே அடங்கிற்று.

வைரவன் தோஹாவிலிருந்து படம் கேட்டார்.
அனுப்பினேன். கொஞ்சம் கறுப்பா இருக்கே, என்றார்.
வெயிலில் தூக்கிவைத்து எடுத்து அனுப்பினேன்.
இப்ப ரொம்பச் சிவப்பு.
பதினோரு வருஷமாய் அவர் பார்க்கிற வீடு இதுதான்:
ஒன்று கறுப்பு, இல்லையென்றால் சிவப்பு.

ஆத்தங்குடிக் கல்லே போடலாமே, என்றார் நாத்தனார்.
கல்லின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.
கீழ்த்தளம் முழுக்க அதுதான். குளிர்ச்சி. நல்லது.
விழுந்த கண்ணாடி டம்ளரை மட்டும் மன்னிக்காது.
மாடியறை ஒன்றுதான் நான் கேட்டது.

ராவுத்தர் அகலத்தைப் பற்றி எச்சரித்தார்.
குறுகல் பலகைன்னா இணைப்பு நிறைய,
ஒவ்வொண்ணும் மயிரிழைதான் நகரும்.
அகலம்னா இணைப்பு கம்மி,
ஆனா திறந்தா நாலணா நுழையும். பரவாயில்லையா?
பரவாயில்லை என்றேன்.
விலை கேட்டேன். அப்புறம்
கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை.

இன்னொண்ணு ஆச்சி, வந்ததும் அடிக்கக் கூடாது.
பதினஞ்சு நாள் அந்த ரூமிலேயே கிடக்கட்டும்,
நடுவுல ரீப்பர் வச்சு, காத்துப் போற மாதிரி.
வீட்டுக் காத்தை அதுவாப் பழகணும்.
நாம பழக்க முடியாது.

பலகை வந்தது ஐப்பசி மூன்றாம் தேதி.
வைரவன் வந்தது நான்காம் தேதி.
விடுப்பு பதினைந்து நாள்.

மின்சாரம் போனாலும் விசிறி ஓடுவது மாடியில்தான்,
அங்கேயே படுத்தோம்.
ஒரு பக்கம் பாய், மறுபக்கம் இடுப்புயரத்துக்கு மரம்.
முதல் ராத்திரி சுவிட்சைத் தேடி
அலமாரியைத் தடவினார்.
காபிக்கு எத்தனை சர்க்கரை என்று
நானே கேட்க வேண்டியிருந்தது.
ஐந்தாம் நாள் மழை.
நடுச்சாமத்தில் அடுக்குக்குள்ளிருந்து டக்கென்று ஒரு சத்தம்.
எலியா, என்றார்.
இல்லை, பழகுது, என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து
இருட்டுக்குள்ளிருந்து,
எனக்கும் முதுகு இப்படித்தான் சத்தம் போடுது, என்றார்.

தச்சர் அடைக்கலம் ஈரம் அளக்கிற கருவியால்
பலகையை நாலு இடத்தில் குத்திப் பார்த்தார்.
பதினொண்ணு. போதும்.
சுவரை ஒட்டாமல் அரை அங்குலம் தள்ளித்தான்
முதல் பலகையைப் போட்டார்.
அளவு தப்பிருச்சோ, என்று வைரவன் குனிந்தார்.
தப்பல. மழைக்குப் பருக்கும்ல,
இடம் விடலைன்னா நடுவுல தூக்கிக்கும்.
மேல பீடிங் வந்துரும், வெளிய தெரியாது.

பாதி அறை முடிவதற்குள் டாக்சி வந்துவிட்டது.
ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு
போட்டவரைக்கும் ஒருதரம் நடந்து பார்த்தார்,
ஜன்னல் வரை, பிறகு திரும்பி.
நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது தை. பனி விட்டு வெயில் ஏறுகிறது.
ஜன்னல் பக்கம் மூன்றாவது இணைப்பு திறந்திருக்கிறது.
நாலணாவுக்கு எங்கே போவது,
அவர் சட்டைப்பையில் கிடந்த
ஐம்பது திர்ஹம் காசைச் செருகிப் பார்த்தேன்.
விளிம்பு மட்டும் போயிற்று.
சித்திரையில் இன்னொரு தரம் பார்க்க வேண்டும்.