கடலுக்குள் ஒரு கந்தோர்

மேசையைத் தூக்க நாலு பேர்,
கதிரைக்கு ஷஸ்னா,
கமராவுக்கு நான்.
டச்பேயில் ஞாயிறு காலை ஆறரை.
முழங்காலளவு தண்ணிக்குள் இறக்கியதும்
நாலு கால்களும் நாலு ஆழத்துக்குப் புதைய
ஒரு பக்கம் சரிந்தது கந்தோர்.
"சரியாத்தான் இருக்கு," என்றான் நிஜோதன்,
"எங்கட விதானையாற்ற மேசையும் இப்பிடித்தான்."

ஒப்படை இதுதான்:
ஓர் உருவப்படம், ஒரு புனைவுப்படம்,
இரண்டிலும் ஒரே ஆள்.

உருவப்படம் போன கிழமையே எடுத்தாச்சு.
யன்னலோரம் இருத்தி
"சும்மா இரு, நீயா இரு" என்று சொல்லச் சொல்லத்
தாடையை உயர்த்தினான், வயிற்றை எக்கினான்,
அடையாள அட்டைக்கு முறைப்பதுபோல முறைத்தான்.
நாற்பத்தியொரு படம்.
நாற்பத்தியொன்றிலும் யாரோ.

இன்றைக்கு
மாமாவின் வெள்ளைச் சேட், நீலக் கழுத்துப்பட்டி,
மடித்துவிட்ட காற்சட்டை,
மேசையில் ஒரு மணி, கல் வைத்த படிவக்கட்டு,
அழிறப்பரில் வெட்டிய முத்திரை.
எழுத்தைத் திருப்பி வெட்ட மறந்துவிட்டோம்,
'பெறப்பட்டது'
கண்ணாடிக்குள் பார்த்த மாதிரித்தான் விழும்.

சூரியன் அவனுக்குப் பின்னால்.
முகம் கரி.
ஷஸ்னா ரெஜிபோம் தட்டைப் பிடித்து
வெளிச்சத்தை அவன் கன்னத்தில் ஏற்ற,
காற்று அவளையே பாயாக்கி இழுத்தது.
தூரத்தில் ஒரு சாம்பல் கப்பல்.
அது சட்டகத்துக்குள் வந்தால் கேள்வியும் வரும்.
முக்காலியை அரையடி நகர்த்தினேன்.

ஐந்நூறில் ஒரு செக்கன் என்றால்
அலை கண்ணாடித் துண்டாய் உறையும்.
எட்டில் ஒன்று என்றால் அலை பாலாகும்,
ஆனால் ஆள் அசையக் கூடாது.
"அரசாங்க ஆள்தானே,
அசையமாட்டன்."

கோட்டைப் பக்கமிருந்து வந்த மானொன்று
கரையில் பறந்த விண்ணப்பங்கள் மூன்றை
நிதானமாகத் தின்று முடித்தது.
அதையும் எடுத்திருக்கலாம்.
சிரித்ததில் கை நடுங்கிவிட்டது.

அப்போதுதான்
வலையில் மீன் பிரித்துக்கொண்டிருந்த
புஸ்பமலர் அக்கா
பாவாடையைச் செருகிக்கொண்டு
நேரே தண்ணிக்குள் நடந்து வந்தா.
மேசைக்கு முன்னால் நின்றா.
"தம்பி, வதிவிடக் கடிதம் ஒண்டு வேணும்."

நாங்கள் சிரித்தோம். அவவும் சிரித்தா.
கையை மட்டும் மேசையிலிருந்து எடுக்கவில்லை.
விரலில் செதில்கள்.
"அஞ்சு தரம் போயிட்டன்.
எந்த வீடு எண்டு கேட்டினம்.
கடல் கொண்டு போன வீடு எண்டன்.
அதுக்கு இலக்கம் என்ன எண்டு கேட்டினம்."

அலை வந்தது, கதிரையை இடித்தது, போனது.
நிஜோதன் என்னைப் பார்த்தான்.
'இது வசனத்தில் இல்லையே' என்ற பார்வை.
நான் கமராவுக்குப் பின்னால் இருந்தேன்,
அது மறைந்துகொள்ள நல்ல இடம்.

அவன் பேனையைத் திறந்தான்.
"பேர் சொல்லுங்கோ அக்கா."
எழுதினான். ஈரக் கடுதாசியில் மை ஊறிப் பரந்தது.
ஒழுங்கையின் பேர், கிணற்றடி, பக்கத்து வேலி,
முன்பு இருந்த பூவரசு,
படிவத்தில் கேட்காத எல்லாவற்றையும் எழுதினான்.
பிறகு எழும்பி
கதிரையை அவவுக்கு விட்டான்.

அந்த நேரம் விரல் அழுத்தியது.
எட்டில் ஒரு செக்கன்.

திரையைப் பெருப்பித்துப் பார்த்தோம்.
அசையமாட்டேன் என்றவன்
ஒரு வெள்ளைப் பூச்சு.
கழுத்துப்பட்டி மட்டும் நீலக் கீறலாய்.
அக்கா, நகக்கண் வரைக்கும் துல்லியம்.
வரிசையில் நின்று பழகின உடம்பு
அலைக்கும் அசையவில்லை.

"இது நான் எண்டு ஆர் நம்புவினம்?"
என்றான் நிஜோதன்.
"நாற்பத்தியொண்டையும் நம்பினவை ஆர்?"
என்றாள் ஷஸ்னா.

முத்திரை இல்லாமல் போகமாட்டேன் என்று
அக்கா நின்றா.
குத்திக் கொடுத்தான்.
இடம் வலமாய்த் திரும்பிய எழுத்தை
வெயிலுக்குப் பிடித்து, பின்பக்கத்தால் வாசித்து,
"இப்ப சரி" என்று
இடுப்பில் செருகிக்கொண்டு போனா.
எங்கே கொண்டுபோய்க் கொடுப்பாவோ தெரியாது.

மேசையைக் கரைக்கு இழுத்தபோது
முதல் இருந்ததைவிட இரண்டு மடங்கு பாரம்.
லாச்சி நிறையக் கடல்.
கவிழ்த்தோம்.
திங்கள் முதல் பாடத்துக்கு முன்
அது காய வேண்டும்.